மேற்கோள் பட்டியல் கடைசி வாரத்து வேலை இல்லை

ஆராய்ச்சிப் படிப்பின் முதல் வருடத்தில் இருக்கும் ஒருவரின் கேள்வி இது: கட்டுரைக்காக இறக்கி வைத்த பிடிஎஃப் கோப்புகள் இருநூறைத் தாண்டிவிட்டன, எதை எங்கே படித்தோம் என்பதே மறந்துபோகிறது. இவற்றை நிர்வகிக்க எந்த மென்பொருள் நல்லது? மேற்கோள்களை எழுத ஏபிஏ நடையா, சிகாகோ நடையா? ஒரு கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் இருந்தால் போதும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கைக் கணக்கு எதுவும் கிடையாது. இன்னொருவர் கண்டறிந்ததை, அளந்ததை, வாதிட்டதை நீங்கள் எடுத்தாளும் ஒவ்வொரு இடத்திலும் மேற்கோள் வேண்டும். மற்ற இடங்களில் வேண்டாம். நடை எது என்பதும் உங்கள் கையில் இல்லை. கட்டுரை போகப்போகும் ஆய்விதழோ உங்கள் துறையோ அதைத் தீர்மானித்துவிடும். மென்பொருள் விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் இந்த மூன்றையும்விடப் பெரியது: உங்கள் கட்டுரையில் இருக்கும் ஒரு வாக்கியம், எந்தச் சான்றின் எந்தப் பக்கத்தை நம்பி நிற்கிறது? படிக்கிற அன்றே எழுதி வைத்திருந்தால் இதற்குப் பதில் உண்டு. எழுதி முடித்த பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, அல்லது கிடைத்ததை வைத்துச் சமாளிக்கத் தோன்றும். கமா, சாய்வெழுத்து, அகரவரிசை எல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வாக்கியத்துக்கும் பக்கத்துக்கும் இடையிலான முடிச்சை மட்டும் நீங்கள்தான் போட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த முடிச்சு இல்லாமல் போனதன் விலையை மருத்துவ உலகம் கொடுத்திருக்கிறது. 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் வெளியானது. முழுக் கட்டுரைகூட இல்லை. ஆசிரியருக்கு எழுதிய ஐந்து வாக்கியக் கடிதம். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் ஓபியாய்டு வகை வலி மருந்து வாங்கிய 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் ஓரளவு நன்றாகப் பதிவான அடிமைத்தனம் நான்கே பேரிடம்தான் தெரிந்தது என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் சொன்னது அவ்வளவுதான். வீட்டுக்கு மாத்திரை வாங்கிப்போய் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு நடந்ததுதான் கதை. 2017ல் அதே இதழில் ஒரு பகுப்பாய்வு வந்தது. அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளை எடுத்துப் பார்த்திருந்தார்கள். அவற்றில் 72 சதவீதம், ஓபியாய்டு சிகிச்சையில் அடிமைத்தனம் அபூர்வம் என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. ஏறத்தாழ 81 சதவீதம், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே குறிப்பிடவில்லை. வட அமெரிக்காவின் ஓபியாய்டு அடிமைத்தன நெருக்கடிக்கு இப்படிக் கேள்வியில்லாமல் கைமாறிய மேற்கோளும் ஒரு காரணம் என்று பகுப்பாய்வு செய்தவர்கள் எழுதினார்கள். கவனித்துப் பாருங்கள், அந்த 608 பட்டியல்களிலும் கடிதத்தின் விவரம் ஒழுங்காகவே இருந்திருக்கும். ஆசிரியர் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் சரி. வடிவத்தில் குறை கண்டுபிடிக்க வாய்ப்பில்லாத மேற்கோள், உள்ளடக்கத்தில் தவறாக இருந்தது.

படிக்காமலே மேற்கோள் காட்டுவது எவ்வளவு பரவலானது என்பதை 2003ல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் ஒரு குறும்பான வழியில் கணக்கிட்டார்கள். இயற்பியலில் பேர்போன ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும் பட்டியல்களில் உள்ள அச்சுப்பிழைகளை எண்ணினார்கள். தனித்தனியாகத் தவறு செய்தால் ஒவ்வொருவர் தவறும் ஒவ்வொரு மாதிரி இருக்க வேண்டும் இல்லையா? ஆனால் ஒரே பக்க எண் பிழை 78 பட்டியல்களில் அப்படியே திரும்பத் திரும்ப வந்திருந்தது. அடுத்தவர் பட்டியலைப் பார்த்து நகலெடுத்தால் தவிர அது நடக்காது. மேற்கோள் காட்டுகிறவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த எண்ணைப் பற்றி விவாதிக்கலாம், நகலெடுத்த தடயத்தை மறுப்பது கஷ்டம்.

இதைவிட வேடிக்கையானது, இல்லாத கட்டுரை ஒன்றின் கதை. எல்செவியர் பதிப்பகம் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலில், மேற்கோள் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி வைத்திருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி 2000ல் வெளிவந்ததுபோல் ஒரு கற்பனைக் கட்டுரை, அதற்கொரு கற்பனை இதழ்ப் பெயர். அந்தக் கட்டுரை உண்மையான தரவுத்தளங்களில் நூற்றுக்கணக்கான மேற்கோள்களைச் சேர்த்துவிட்டது. இதை ஆராய்ந்து 2017ல் எழுதியவர் ஆன்-வில் ஹார்சிங். பெரும்பாலும் மாநாட்டுக் கட்டுரைகளில், வார்ப்புருவில் இருந்த மாதிரி வரியை அழிக்காமல் விட்டதால் நுழைந்தவை அவை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

மென்பொருள் என்று கேட்டால் என் பதில் ஸோட்டெரோ. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வாளர்கள் 2006ல் தொடங்கியது. இலவசம், திறந்த மூலம். சேவையகத்தில் 300 எம்பி வரை கோப்புகளை இலவசமாக வைத்துக்கொள்ளலாம். மேற்கோள் விவரங்களுக்கு அந்த வரம்பு இல்லை. எண்ட்நோட் பழையது, பலமானது, ஆனால் காசு கொடுக்க வேண்டும். நிறுவனம் வாங்கித் தந்திருந்தால் நீங்கள் வெளியேறும் நாளில் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். மெண்டலியை 2013ல் எல்செவியர் வாங்கியது. 2018ல் அதன் கணினிப் பதிப்பு, உங்கள் கணினியிலேயே இருக்கும் தரவுத்தளத்தைக் குறியாக்கம் செய்யத் தொடங்கியது. வேறு மென்பொருள் அதை நேரடியாகத் திறந்து படிக்கும் வழி அதோடு அடைபட்டது. லாடெக் என்ற ஆவணத் தயாரிப்பு முறையில் எழுதுகிறவர்களுக்கு 1985லிருந்து பிப்டெக் என்ற மேற்கோள் கருவி இருக்கிறது, அந்தக் கோப்புகளைப் பராமரிக்க ஜாப்ரெஃப் நல்ல துணை. ஸோட்டெரோவிலிருந்தும் பிப்டெக் கோப்பு எடுக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே ஒரு சோதனை: உள்ளே போனது முழுதாக வெளியே வருமா? ஆர்ஐஎஸ் என்ற பொதுவான மேற்கோள் கோப்பு வடிவிலோ பிப்டெக் வடிவிலோ மொத்தத்தையும் ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஆராய்ச்சிப் படிப்பு முடியும்போது உங்களிடம் இருக்கும் மிக மதிப்புள்ள சொத்து இந்த நூலகமாகத்தான் இருக்கும். அதை ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பி விட்டுவைக்கக் கூடாது. சேர்ந்து எழுதும் குழு ஏற்கெனவே ஒரு மென்பொருளில் இருந்தால் மட்டும் வாதாடாமல் அதையே பயன்படுத்துங்கள். ஒரே வேர்ட் ஆவணத்தில் ஒருவர் எண்ட்நோட்டும் இன்னொருவர் ஸோட்டெரோவும் வைத்து மேற்கோள் செருகினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை.

சேர்க்கும் விதம் முக்கியம். எங்கோ கிடைத்த பிடிஎஃப்பை இழுத்துப் போடுவதைவிட, பதிப்பகத்தின் பக்கத்தைத் திறந்து உலாவியில் உள்ள உங்கள் மென்பொருளின் பொத்தானை அழுத்துவது நல்லது. விவரங்கள் சுத்தமாக வரும். வந்த உடனே அரை நிமிடம் செலவழித்துச் சரிபாருங்கள். ஆசிரியர்கள் எல்லோரும் வந்தார்களா, முதற்பெயரும் குடும்பப்பெயரும் இடம் மாறியதா, தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் கத்துகிறதா, மாநாட்டுக் கட்டுரை ஆய்விதழ்க் கட்டுரையாகப் பதிவாகியிருக்கிறதா, இணையத்தில் வந்த ஆண்டும் அச்சில் வந்த ஆண்டும் குழம்பியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கூகுள் ஸ்காலர் தயாராகத் தரும் மேற்கோளை அப்படியே நம்பாதீர்கள். இதழில் வெளியாகும் முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்பின் விவரத்தையும் வெளியான கட்டுரையின் விவரத்தையும் அது கலந்து கொடுப்பது சகஜம்.

ஆங்கிலத் தலைப்புகளை முதல் எழுத்து மட்டும் பெரியதாக இருக்கும் வாக்கிய வடிவில் சேமித்து வையுங்கள். அதிலிருந்து எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் வடிவத்துக்கு மென்பொருள் தானே மாற்றிவிடும். எதிர்த் திசையில் மாற்றச் சொன்னால் எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாது. பிப்டெக்கில் இது இன்னும் தொல்லை. டிஎன்ஏ போன்ற சுருக்கங்களை நெளி அடைப்புக்குறிக்குள் வைக்காவிட்டால் பல நடைகளில் அவை சின்ன எழுத்தாகிப் பட்டியலில் அசிங்கமாக நிற்கும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு வரும் தலைவலி ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் பர்மியர்களுக்கும் உண்டு. குடும்பப்பெயர் இல்லாத ஒருவரை, குடும்பப்பெயர் கட்டாயம் என்று நினைக்கும் படிவத்தில் அடைத்தால், அப்பா பெயரின் முதலெழுத்து பிள்ளையின் அடையாளமாகிவிடும். ஸோட்டெரோவில் பெயருக்கு ஒரே கட்டம் வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஒரே ஆசிரியர் மூன்று வடிவங்களில் பதிவாகியிருந்தால் ஒன்றை நிலைப்படுத்துங்கள். இல்லையென்றால் ஆசிரியர்-ஆண்டு நடையில் அவர் மூன்று ஆளாகத் தெரிவார். நீங்களே கட்டுரை வெளியிடத் தொடங்கும்போது உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவுசெய்து, ஆர்க்கிட் எண் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 2012ல் வந்த 16 இலக்க ஆய்வாளர் அடையாளம் அது, இலவசம்.

கட்டுரைக்கு டிஓஐ எண் (இணையத்தில் அதற்கென்று கொடுத்த நிலையான அடையாளம்) இருந்தால் தவறாமல் குறித்து வையுங்கள். 10 என்று தொடங்கும் அந்த அடையாளம் 2000 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இதழ் வேறு பதிப்பகத்துக்குப் போனாலும், வலைத்தளம் மாறினாலும், பதிப்பகம் தன் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வரை அது சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகும். டிஓஐ இல்லாத சாதாரண வலைப்பக்கங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சுட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, முதலில் சுட்டிய தகவலுக்கு இப்போது கொண்டுபோவதில்லை என்று ஹார்வர்டு ஆய்வு ஒன்று சொன்னது. சட்ட ஆய்விதழ்கள் சிலவற்றில் அது 70 சதவீதத்துக்கும் மேல். ஆகவே வலைப்பக்கத்தை மேற்கோள் காட்டும் அன்றே வலைப்பக்கங்களின் நகல்களைக் காத்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு நகல் சேமித்து, அந்த முகவரியையும் பார்த்த தேதியையும் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

இருநூறு பிடிஎஃப் ஏற்கெனவே குவிந்திருக்கிறதே என்றால், எல்லாவற்றையும் ஒரே வீச்சில் ஸோட்டெரோவுக்குள் தள்ளுங்கள். பெரும்பாலானவற்றின் விவரங்களை அதுவே தேடி எடுத்துவிடும். அடையாளம் தெரியாமல் நிற்பவற்றுக்கு டிஓஐ கொடுத்தோ தலைப்பைத் தேடியோ கையால் சேர்க்க வேண்டும். ஒரே கட்டுரை இரண்டு முறை வந்திருந்தால் இணைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு சபலம் வரும்: இருநூறுக்கும் உட்கார்ந்து குறிப்பெழுத வேண்டும், அழகாக வகை பிரிக்க வேண்டும் என்று. வேண்டாம். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பகுதிக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்துக் குறிப்பெழுதுங்கள். மற்றவை முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கோப்புறைக்குள் கோப்புறை வைத்து டேக் மேல் டேக் ஒட்டுவது வேலை செய்வது போன்ற திருப்தியைத் தரும், அவ்வளவுதான்.

குறிப்புகளில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு சான்றுக்கும் கீழே மூன்று விஷயம் எழுதி வையுங்கள் என்பேன். கட்டுரை என்ன சொல்கிறது, யாரை வைத்து, எந்த அளவுக்கு என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு மூன்று வரி. உங்களுக்குத் தேவைப்படும் வாக்கியம் அல்லது எண், பக்க எண்ணோடு, சொல் மாறாமல், இரட்டை மேற்கோள் குறிக்குள். அதைப் பற்றி உங்களுக்குத் தோன்றியது, தனியாக அடையாளம் தெரிகிற மாதிரி. உங்கள் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டால்கூடப் போதும். அந்த ஓபியாய்டு கடிதத்தை மேற்கோள் காட்டியவர்கள் முதல் வகைக் குறிப்பில் யாரை வைத்து என்பதற்கு மருத்துவமனை நோயாளிகள் என்று ஒரு சொல் எழுதியிருந்தால், அதைச் சுட்டும் வாக்கியம் வேறு மாதிரி அமைந்திருக்கும்.

இரட்டை மேற்கோள் குறியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வேண்டுமென்றே திருடுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். திருட எண்ணமே இல்லாதவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கட்டுரையிலிருந்து வாக்கியத்தைப் பிரதி எடுத்துக் குறிப்புக் கோப்பில் ஒட்டுகிறார்கள், குறி போடுவதில்லை. நான்கு மாதம் கழித்துத் திறந்தால் அது சொந்த எழுத்து போலவே தெரியும், அப்படியே கட்டுரைக்குள் போய்விடும். இதற்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான்: மூல வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாலு சொல்லை மட்டும் மாற்றி, கடைசியில் ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டால் சொந்த வார்த்தையில் சொன்னதாகிவிடும் என்ற நம்பிக்கை. ஆகாது. மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள், எழுதிய பிறகு திறந்து ஒப்பிடுங்கள். மூடினால் எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

இன்னொருவர் கட்டுரையில் பார்த்த மேற்கோளை எடுத்தாளும்போது மூலத்தைத் தேடிப் போங்கள். பாதி நேரம் மூலம் வேறு எதையோ சொல்லும், அல்லது அதுவும் இன்னொன்றைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடும். மூலம் கிடைக்கவே இல்லை என்றால், அவர் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன் என்பதை வெளிப்படையாக எழுதி, நீங்கள் கையில் வைத்துப் படித்ததை மட்டும் பட்டியலில் சேருங்கள். ஏபிஏவும் இதைத்தான் சொல்கிறது, அதுவும் எப்போதாவது மட்டும் செய்யச் சொல்கிறது. அச்சில் இல்லாத பழைய நூல், நீங்கள் படிக்கத் தெரியாத மொழி என்றால் மன்னிக்கலாம். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவ்வளவு நல்ல காரணம் இல்லை. ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளிடம் ஆதாரம் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் இருந்த முன்தீர்ப்புகள் பல, சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே ஆபத்துதான், கண்டுபிடிப்பது இன்னும் கடினம். உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான இதழ், நம்பும்படியான தலைப்பு எல்லாம் இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. டிஓஐ கொடுத்தாலும் அது சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரையைத் திறக்கலாம். தேடலுக்கு யோசனை கேளுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் திறந்து பார்க்காத எதுவும் உங்கள் நூலகத்துக்குள் வரக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

பிழையோ மோசடியோ தெரிந்து இதழ்களால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் கவனிக்க வேண்டும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசிய வேக்ஃபீல்டு கட்டுரை லான்செட் மருத்துவ இதழில் 1998ல் வந்தது, 2010ல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. நீங்கள் பிடிஎஃப் இறக்கிய நாளுக்குப் பிறகு ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் உங்கள் கணினியில் இருக்கும் நகல் எதுவும் சொல்லாது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு ஸோட்டெரோ 2019 முதல் தானாகவே எச்சரிக்கிறது. நான் அதைப் பரிந்துரைக்க இதுவும் காரணம். அந்தத் தரவுத்தளத்தை 2023ல் டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. திரும்பப் பெற்றதை மேற்கோள் காட்டவே கூடாது என்றில்லை. அந்தச் சம்பவத்தைப் பற்றியே எழுதினால் காட்டலாம், திரும்பப் பெறப்பட்டது என்று குறிப்பிட்டு. ஆர்க்சிவ் போன்ற இணையக் களஞ்சியங்களின் முன்பதிப்பை வைத்திருந்தால், அனுப்புவதற்கு முன் அது இதழில் வெளிவந்துவிட்டதா என்று பாருங்கள். மதிப்பாய்வில் முடிவுகளே மாறியிருக்கக்கூடும்.

நடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை ஆயிரம் இருந்தாலும் குடும்பம் மூன்றுதான். அடைப்புக்குறிக்குள் ஆசிரியரும் ஆண்டும் வருவது ஒன்று. 1881ல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லாத தோட்டத்து நத்தையைப் பற்றிய கட்டுரையில் கையாண்டதை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஏபிஏ இந்தக் குடும்பம். இலக்கியத் துறைகளில் புழங்கும் எம்எல்ஏ நடையும் பக்கத்து வீடுதான், ஆண்டுக்குப் பதில் பக்க எண் போடும். எண் போடுவது இரண்டாவது. மருத்துவ இதழாசிரியர்கள் 1978ல் வான்கூவரில் கூடியதிலிருந்து பெயர் பெற்ற நடையும், பொறியியலில் ஐஇஇஇ நடையும் இதில் அடக்கம். வரலாற்றுத் துறை விரும்பும் அடிக்குறிப்பு மூன்றாவது. சிகாகோ கையேடு அடிக்குறிப்பு, ஆசிரியர்-ஆண்டு இரண்டையுமே தருகிறது, அதனால் சிகாகோ என்று மட்டும் சொன்னால் எது என்று திருப்பிக் கேளுங்கள்.

இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, மென்பொருளில் ஆயிரக்கணக்கான நடைகள் தயாராக இருக்கின்றன. பதிப்பு எண்ணை மட்டும் பாருங்கள். ஏபிஏவின் 7ஆம் பதிப்பு 2019ல் வந்தது. மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் உடற்பகுதியில் முதல் முறையே முதல் ஆசிரியரோடு மற்றும் பலர் என்று முடித்துவிடலாம்; பட்டியலில் 20 ஆசிரியர் வரை எல்லோர் பெயரும் வரும்; நூல் வெளியான ஊர் இனி வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் பல கையேடுகள் இன்னும் 6ஆம் பதிப்பின் விதியைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சிகாகோ 2024ல் 18ஆம் பதிப்புக்கு வந்துவிட்டது. முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்ற பொருளில் மேலது என்று அடிக்குறிப்பு போடும் பழக்கத்தை அதன் 17ஆம் பதிப்பே ஊக்குவிக்கவில்லை. பத்திகளை இடம் மாற்றினால் அந்த மேலது யாரைச் சுட்டும் என்று நினைத்தால் காரணம் புரியும்.

எழுதும்போது மேற்கோளை அதற்குரிய கூற்றின் பக்கத்திலேயே வையுங்கள். பத்தி முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில் ஆறு பெயரை ஒரே அடைப்புக்குறிக்குள் கொட்டினால், எது எதற்கு என்று படிக்கிறவருக்கும் தெரியாது, ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் தெரியாது. மதிப்பாய்வாளர் கேட்டால் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரு வாக்கியத்தில் இரண்டு கூற்று இருந்தால் நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று வைக்கலாம், தடையில்லை. உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததற்கு மேற்கோள் தேவையில்லை. தெரிந்ததா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள்.

சில நடைமுறை எச்சரிக்கைகள். வேர்டில் செருகிய மேற்கோள்களை உயிரோடு, அதாவது மென்பொருளோடு இணைந்தபடியே, வைத்திருங்கள். பட்டியலில் கையை வைத்துத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் போய்விடும், ஆகவே பிழையை நூலகத்தில் போய்ச் சரிசெய்யுங்கள். இணைப்பை நீக்கிச் சாதாரண எழுத்தாக்குவது கடைசி நாளில், ஒரு நகலில் மட்டும். ஸோட்டெரோவின் தரவுக் கோப்புறையை டிராப்பாக்ஸ் போன்ற மேகச் சேமிப்புக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் பழுதாகலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. நீங்கள் தவறுதலாக அழித்தால் அந்த அழிப்பும் சேர்ந்துதான் ஒத்திசையும். மாதம் ஒருமுறை மொத்தத்தையும் வெளியே நகலெடுத்து வையுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு முழு நாளை இதற்கென்று ஒதுக்க முடிந்தால் நல்லது. உடற்பகுதியில் உள்ள ஒவ்வொரு மேற்கோளையும் எடுத்து, குறிப்பைத் திறந்து, அந்தப் பக்கம் உங்கள் வாக்கியத்தைத் தாங்குகிறதா என்று பாருங்கள். ஏற்படுத்துகிறது என்று நீங்கள் எழுதிய இடத்தில் மூலம் தொடர்புடையது என்று மட்டும் சொல்லியிருக்கும். அந்த மாதிரி இடங்கள் வந்துகொண்டே இருக்கும், வாக்கியத்தைத் தளர்த்துங்கள். கையால் தட்டச்சு செய்த மேற்கோள் எதுவும் பட்டியலில் சேராமல் தப்பியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கடைசியாக, கட்டுரை ஓர் இதழில் நிராகரிக்கப்பட்டு வேறு நடை கேட்கும் இதழுக்குப் போக நேரலாம். மென்பொருளில் நடையை மாற்றினால் பட்டியல் நொடியில் மாறிவிடும், வாக்கியங்கள் மாறாது. எண் நடையில் எழுதும்போது "[7] காட்டியபடி" என்று எண்ணையே எழுவாயாக்கி எழுதியிருந்தால், ஆசிரியர்-ஆண்டு நடைக்குப் போகும்போது அந்த இடத்தில் வாக்கியம் உடையும். அடிக்குறிப்பு நடைக்குப் போனால் எழுவாயே காணாமல் போகும். எந்த நடையில் தொடங்கினாலும் ஆசிரியரின் பெயரை வாக்கியத்துக்குள்ளேயே எழுதிவிட்டு, மேற்கோள் குறியைத் தனியாகச் செருகுங்கள்.